சிறுநீர் பி.எச். குறைந்தால் போதுமா? மெட்டபாலிக் அசிடோசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெட்டபாலிக் அசிடோசிஸ் (உடலில் அமிலம் கூடி, அதைச் சமன்செய்யும் காரமான பைகார்பனேட் ரத்தத்தில் குறையும் நிலை) உள்ள நோயாளிக்குச் சிறுநீர் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறைந்தால் அமிலத்தன்மை அதிகம்) 5 என்று வந்ததும், "சரி, சிறுநீரகம் அமிலத்தை ஒழுங்காக வெளியேற்றுகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். பி.எச். காட்டுவது தனியாக இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே. பி.எச். 4.5-க்கு இறங்கினால்கூட ஒரு லிட்டர் சிறுநீரில் அவை சுமார் 0.03 மில்லிமோல்தான். வெளியேற்ற வேண்டிய அமிலமோ, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிமோல் அளவில் இருக்கும். அதைச் சுமப்பவை பாஸ்பேட்டும் அமோனியமும் (ஹைட்ரஜன் அயனியை ஏற்றிக்கொண்ட அமோனியா). பாஸ்பேட் ஓரளவுக்கு மேல் கூடாது. அமோனியம்தான் 30, 40 மில்லிமோலிலிருந்து 200-க்கும் மேல் ஏறக்கூடியது. அந்த ஏற்றத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், முதல் நாளிலேயே சிறுநீரகத்தைக் குறை சொல்லவும் கூடாது.

பி.எச். எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். நீடித்த வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறையும், அமோனியா உற்பத்தி பெருகும். அது ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக்கொள்வதால் பி.எச். 6-க்கு மேல் போகலாம். நன்றாக வேலை செய்யும் சிறுநீரகத்துக்கு ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் (சிறுநீரகக் குழல்களின் கோளாறால் அமிலம் சரியாக வெளியேறாத நோய்) என்று தவறாகப் பெயர் சூட்டிவிடுவது இங்கேதான். நான்காம் வகை ரீனல் டியூபுலர் அசிடோசிஸில் நேர்மாறு: கூடிய பொட்டாசியம் அமோனியா உற்பத்தியை அடக்கும், பி.எச். 5.5-க்குக் கீழே அழகாக நிற்கும், அமிலம் உடலிலேயே தங்கும்.

அமோனியா ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான் என்று நினைப்பதும் பாதிக் கதை. சிறுநீரகக் குழலின் முதல் பகுதியான அண்மைக் குழலில், குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு மூலக்கூறு முழுதாகச் சிதைந்தால் இரண்டு அமோனியமும் இரண்டு புதிய பைகார்பனேட்டும் கிடைக்கும். ரத்தத்துக்கு லாபம் அந்தப் பைகார்பனேட்தான். அமோனியம் சிறுநீரில் போகாமல் ரத்தத்துக்குத் திரும்பினால், கல்லீரல் அதை யூரியாவாக்கும்போது அந்தப் பைகார்பனேட் செலவாகிவிடும்.

பல ஆய்வகங்களில் சிறுநீர் அமோனியத்தை நேரடியாக அளப்பதில்லை. அமோனியம் பெரும்பாலும் குளோரைடோடு சேர்ந்தே போகும் என்பதால், சிறுநீர் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடைக் கழித்துப் பார்க்கிறோம். விடை மைனஸில் வந்தால் அமோனியம் போதுமான அளவு போகிறது. ஆனால் சிறுநீரில் கீட்டோன் இருந்தால், அல்லது டொலுயீன் (பெயிண்ட், பசைகளில் உள்ள கரைப்பான்) நச்சேறியிருந்தால், அமோனியம் நிறைய இருந்தும் விடை பிளஸில் வரலாம். அப்போது சிறுநீரின் ஆஸ்மோலால் இடைவெளியை (கரைந்த பொருள்களின் அளந்த மொத்தத்துக்கும் கணக்கிட்ட மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்) பார்ப்பதே சரி.

அப்புறம், நாள்பட்ட சிறுநீரக நோயில் ரத்த பைகார்பனேட் 24 என்று இயல்பாக வந்ததும் அமிலப் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடக் கூடாது. பைகார்பனேட் சரிவதற்கு முன்பே அமோனியம் வெளியேற்றம் குறையத் தொடங்கியிருக்கலாம்.