இரண்டு கலர் பெயிண்டில் கோட்டை விடும் இடங்கள்

அம்பாசடரோ பத்மினியோ ஹெரால்டோ, இரண்டு கலரில் மறுபடி பெயிண்ட் அடிக்க ஒரு பழைய கார் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கைக்கு வருவது ஷேடு கார்டு, அதாவது கலர் மாதிரி அட்டை. மேலே க்ரீம் சரி, கீழே மெரூனா வெளிர்நீலமா என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். இரண்டு கலரும் எங்கே சேர வேண்டும் என்ற கேள்வி டேப் ஒட்டுகிற நாளில்தான் எழும். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு கலரும் சேரும் கோடு தகட்டின் மடிப்பிலோ, இணைப்பிலோ, பீடிங்குக்கு (தகட்டின் மேல் பதிக்கும் மெல்லிய அலங்காரப் பட்டை) அடியிலோ போய் ஒளிய வேண்டும். இரண்டு கதவு ஹெரால்டில் இது சுலபம். அதன் கூரை போல்ட் போட்டு மாட்டிய தனித் துண்டு என்பதால் கலர் மாறும் இடம் தயாராகவே இருக்கிறது. அம்பாசடரில் கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வடியும் விளிம்பு வரை சிக்கல் இல்லை. பின்தூணில்தான் தொல்லை. கூரை இறங்கி வந்து பின்பக்கத் தகட்டோடு மூட்டுத் தெரியாமல் கலந்துவிடும். அங்கே கோட்டை அந்தரத்தில் நிறுத்தினால் வண்டிக்குத் தொப்பி மாட்டிய மாதிரி இருக்கும். கண்ணாடிகளின் கீழ்விளிம்பு உயரத்திலேயே பின்னால் ஓடவிட்டு, டிக்கிக்கு மேலே இரண்டு பக்கமும் சந்திக்க வைப்பது நல்லது. அந்தக் கோட்டில் பீடிங் வைப்பதானால் துளைகளை பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பெயிண்ட் முடிந்த பிறகு டிரில் வைத்தால் வெறும் இரும்பு தெரியும். எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் துரு கிளம்ப அந்த ஒரு துளை போதும்.

கதவைச் சரிசெய்யாமல் கோடு போடுவது அடுத்த தவறு. கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் ஹிஞ்ச் பின் (கதவுக் கீலின் ஊசி) தேய்ந்திருக்கிறது. இன்று நேராக இருக்கும் கோடு, ஹிஞ்ச் பின்னை மாற்றியதும் கதவிடுக்கில் படி விழுந்து நிற்கும். புதுக் கதவு ரப்பரும் கதவைச் சற்று வெளியே தள்ளும். அதனால் ஹிஞ்ச் பின், ரப்பர், லாக் எல்லாம் சரியான பிறகே கோடு. பிரைமர் மேல் டேப்பை ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டு, இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். இடதுபக்க அளவை வலதுபக்கம் அப்படியே வைக்க வேண்டாம். பல வருடம் டிங்கரிங் பார்த்த தகடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கடைசித் தீர்ப்பு கண்ணுக்குத்தான். கதவைத் திறந்தால் உள்விளிம்பில் எந்தக் கலர் தெரியும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

இனி கலர். இன்றைய கார்களின் பளீர் வெள்ளை பழைய உடம்பில் நீலம் பாய்ந்து நிற்கும், க்ரீம் கலந்த வெள்ளைதான் ஒட்டும். மெட்டாலிக் வேண்டாம், அந்தக் காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அது அந்நியம். கருப்பு உடம்புக்கு மஞ்சள் கூரை போட்டால் தெருமுனையில் கை காட்டி நிறுத்துவார்கள், டாக்ஸி என்று! ராணுவ ஆலிவ் பச்சையைத் தொடவே கூடாது, தனியார் வண்டிக்கு மோட்டார் வாகன விதி அதைத் தடுக்கிறது. ஷெட் டியூப்லைட்டில் கலர் தேர்வு செய்யாதீர்கள். ஓரடிச் சதுரத் தகடு இரண்டில் அடித்து, காலை வெயிலிலும் உச்சி வெயிலிலும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆர்சி-யில் இருக்கும் கலர் மாறுகிறதென்றால் பெயிண்ட் அடிக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சிவப்பு டூகோ (தின்னரில் கரையும் பழைய வகை பெயிண்ட்) மேல் நேரடியாக க்ரீம் அடித்தால் சிவப்பு ஊறி மேலே ரோஸ் படரும். தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அதைத் தகடு வரை எடுத்துவிடுவதே நல்லது. விட்டுவைத்தால் மேலே வரும் 2கே பெயிண்ட் (இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை) சுருங்கி எழும்பவும் செய்யும்.

வடசென்னையில் அதிகம் கவனிக்காத எதிரி தண்ணீர். கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் வாட்டர் பேப்பர் தேய்த்து அப்படியே காயவிட்டால், கண்ணுக்குத் தெரியாத உப்பு பெயிண்டுக்கு அடியில் தங்கி, பிற்பாடு ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்பும். கடைசிக் கழுவலுக்காவது மெட்ரோ தண்ணீர் பிடியுங்கள். கம்ப்ரெசர் லைனில், காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடிக்கும் ஈரப்பொறி இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தூக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த ஷெட்டில் அடிப்பது வீண் துணிச்சல். போகி வாரத்தில் ஈரமான பெயிண்டை வெளியே விட்டால் டயர் கரி வந்து உட்காரும்.

அடிக்கும்போது வெளிர் கலர் முதலில், கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் வரை. டின்னில் எழுதிய நேரம் காய்ந்ததும் கோட்டில் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப், அதன் மேல் சாதாரண டேப். சாதாரணப் பேப்பர் டேப் மட்டும் போதும் என்பார்கள். அதன் சுருக்கங்களுக்குள் பெயிண்ட் நுழைந்து கோடு பல்பல்லாக வரும். மூடுவதற்கு செய்தித்தாளும் வேண்டாம், தின்னர் ஊறி மை இறங்கும். அடர் கலரை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் கோட்டில் மேடு நிற்கும், கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) போட்டாலும் விரலுக்குத் தட்டும். டேப்பை இரவெல்லாம் விடாமல், அதன் மேலேயே மடித்து மெதுவாக உரித்துவிட்டு, இரண்டு கலருக்கும் சேர்த்தே கிளியர் அடியுங்கள்.

ஒவ்வொரு கலரையும் ஒரே தடவையில் முழுசாகக் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் ஷேடு தப்பும். பிற்பாடு டச்-அப் செய்ய, ஹார்டனர் சேர்க்காமல் கால் லிட்டர் எடுத்து மூடி, ஃபார்முலாவை டின் மேலேயே எழுதி வையுங்கள்.