வார்டில் எழும் சந்தேகத்தைச் சக நர்ஸ்களோடு எப்படிப் பேசுவது

சிஸ்டர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஆள் பற்றாக்குறையில் ஆரம்பித்துப் பெரும்பாலும் அங்கேயே முடியும். நியாயமான புலம்பல்தான், நானும் புலம்புகிறவள்தான். ஆனால் அதே நேரத்துக்குள் நாளைக் காலை டியூட்டியிலேயே பயன்படும் ஒரு விஷயத்தையும் பேசி முடிக்கலாம். அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, கேள்வியைச் சின்னதாக்குவது. "நோயாளி பராமரிப்பை எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "ரைல்ஸ் டியூப் போட்டதும் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கிறோமே, அது மட்டும் போதுமா?" என்று கேட்டுப் பாருங்கள். டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேச வருவார்கள். (ரைல்ஸ் டியூப் என்பது மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய். அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சத்தம்.) நாம் கையால் செய்யும் ஒரு வேலை, எந்த மாதிரி நோயாளி, எந்த ஆபத்துக்குப் பயப்படுகிறோம் என்பது கேள்விக்குள் இருக்க வேண்டும்.

கேள்வியைச் சொல்லும்போது நோயாளி யார் என்று தெரியக் கூடாது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. படுக்கை எண், வயது, அட்மிட் ஆன நாள், அரிதான நோயின் பெயர் இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். போட்டோ எடுத்துக் காட்டுவது வேண்டவே வேண்டாம். புண்ணை மட்டும்தான் எடுத்தேன் என்பார்கள், ஓரத்தில் கேஸ் ஷீட் தெரியும். "வயதானவர், நினைவு மங்கலாக இருக்கிறது, டியூப் வழியாகத்தான் உணவு" என்ற அளவு போதும்.

அடுத்து, யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை." இந்த இடத்தில் பேச்சு சண்டையாகும் அல்லது செத்துவிடும். மூத்தவர்களோடு வாதாடாதீர்கள். "சத்தம் நன்றாகக் கேட்டும் சந்தேகமாக இருந்த கேஸ் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா, அக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். அனுபவம் கேள்விக்கு உயிர் தரும். ஆனால் பதிலை வேறு இடத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ரைல்ஸ் டியூப் கேள்வியையே சரிபார்ப்போம். காற்றுச் சத்தத்தை நம்பக் கூடாது. டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றுக்கு மேல் கேட்கலாம். டியூப் நுனியைத் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். இருமல் வரவில்லை என்பதும் ஆறுதல் இல்லை, நினைவு மங்கிய நோயாளிக்கு இருமலே வராமல் போகலாம். பிரிட்டனில் நோயாளி பாதுகாப்புக்கான அமைப்பு 2005லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அங்கே உள்ள வழிமுறைப்படி, டியூப் வழியாக உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் உணவு கொடுக்கலாம். இல்லையென்றால், அல்லது திரவமே வரவில்லையென்றால், எக்ஸ்ரே. அதையும் பார்க்கத் தெரிந்தவர் பார்த்து எழுதிய பிறகுதான் உணவு.

இதைச் சொன்னதும் "திரவமே வராது சிஸ்டர்" என்று மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. முடிந்தால் நோயாளியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். பெரிய சிரிஞ்சால் 10 முதல் 20 மி.லி. காற்று செலுத்திவிட்டு, 15 முதல் 30 நிமிடம் காத்திருந்து மறுபடி இழுத்துப் பாருங்கள். இந்தக் காற்று டியூப் நுனியை வயிற்றுச் சுவரிலிருந்து விலக்குவதற்குத்தான், சத்தம் கேட்பதற்கு இல்லை. பான்டோப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும், சற்று முன் உணவு போனவர்களுக்கும் பிஎச் ஏறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படி ஒவ்வொரு "முடியாது"க்கும் கையில் ஒரு "இப்படிச் செய்யலாம்" இருந்தால்தான் பேச்சு வார்டுக்குள் நுழையும்.

சரிபார்த்தால் வேலை கூடும் என்ற பயம் பலருக்கு. சில நேரம் குறையவும் செய்யும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஐ.வி. கேனுலாவை (மருந்தும் டிரிப்ஸும் ஏற்ற ரத்தக்குழாயில் போட்டு வைக்கும் சிறு குழாய்) கண்டிப்பாக மாற்ற வேண்டுமா என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகளில் 3,283 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2012ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. நாள் கணக்கில் மாற்றியவர்களிலும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் கேனுலா போட்ட ரத்தக்குழாயில் அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். ஆனால் இது ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி போட்ட இடத்தைத் திறந்த கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு மட்டும் பொருந்தும். வலி, சிவப்பு, வீக்கம், கசிவு எது இருந்தாலும் அப்போதே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் சுத்தம் பார்க்காமல் போட்ட கேனுலாவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பேசி முடிவுக்கு வந்துவிட்டோம் என்று மறுநாளே நீங்களாக மாற்றிச் செய்யாதீர்கள். மருத்துவமனையின் எழுதப்பட்ட விதி வேறாக இருந்தால் அதுதான் செல்லும். வார்டு பொறுப்பாளரிடமும் டாக்டரிடமும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இப்போது என்ன செய்கிறோம், அதில் என்ன ஆபத்து, எந்த வழிகாட்டி என்ன சொல்கிறது, என்ன பொருள் வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் மேஜையிலேயே கிடக்கும். பிஎச் பார்க்கும் ஸ்ட்ரிப் ஸ்டோரில் இல்லாமல் இந்த யோசனையைக் கொண்டு போவது வீண், இருப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அனுமதி கிடைத்தால் ஒரே ஒரு அறையில், ஒரு ஷிஃப்டில் ஆரம்பியுங்கள். எத்தனை முறை திரவம் வந்தது, எத்தனை முறை எக்ஸ்ரே வரை போனது என்று சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டால் போதும். தரமேம்பாட்டுப் பாடத்தில் திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்று நான்கு படி சொல்வார்கள். நடைமுறையில் பலரும் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறார்கள், தாளில் உள்ள கோடுகளை யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவதற்கு ஒருவர் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

முடிவு சரியாக வரவில்லை என்றாலும் முதலில் விவாதித்த அதே ஆட்களிடம் போய்ச் சொல்லுங்கள். "எங்கள் வார்டில் இரவில் எக்ஸ்ரே கிடைக்கத் தாமதமானது, அதனால் உணவு தள்ளிப்போனது" என்ற தகவல் இன்னொரு வார்டு சிஸ்டருக்குப் பெரிய உதவி. நைட் டியூட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒருமுறை பேசுங்கள். பகலில் நடக்கும் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது, புது முறை தெரியாமல் பழையபடியே செய்கிறார்கள் என்ற பழியும் அவர்கள் மேல்தான் விழும்.