உருது திவானில் ஒரு ஷேரைச் சட்டென்று தேட

யாராவது ஒரு ஷேரை (கஜலின் ஈரடிச் செய்யுளை) சொல்லி, "இது காலிப் எழுதியதுதானா?" என்று கேட்டால் அந்த உருதுக் கவிஞரின் திவானை, அதாவது கவிதைத் தொகுப்பை, முதலிலிருந்து புரட்ட வேண்டாம். இரண்டாவது அடியின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த எழுத்துக்கான பகுதிக்கு நேராகப் போங்கள்.

ஷேர்களின் தொடரான கஜலில், பெரும்பாலும் ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் அடியும் ஒரே சொல்லில் அல்லது ஒரே சொற்றொடரில் முடியும். அதற்கு ரதீஃப் என்று பெயர். மரபான திவான்களில் கஜல்கள் அந்தக் கடைசி எழுத்தின் அகரவரிசையில் இருக்கும். 'ஹோத்தா' என்று முடிந்தால் உருதுவின் முதல் எழுத்தான அலிஃப், அதாவது தொடக்கப் பகுதி. 'நிக்லே' என்றால் கடைசி எழுத்தான 'யே', கடைசிப் பகுதி. இந்தக் கடைசிப் பகுதி நீளமானது, கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் அடியை நம்பாதீர்கள். ரதீஃப் இரண்டு அடியிலும் வருவது பெரும்பாலும் கஜலின் முதல் ஷேரில் மட்டும்தான்.

ஒரே பொருளில் தொடர்ந்து செல்லும் நஸ்ம் வகைக் கவிதைகளுக்கும், ஃபைஸ் போன்ற நவீனக் கவிஞர்களின் தொகுப்புகளுக்கும் இது உதவாது. அப்புறம், தேடியது கிடைக்கவில்லை என்பதற்காக அது காலிப் எழுதியதே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தன் இளமைக் காலக் கவிதைகளில் பலவற்றை அவரே திவானில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்.