உதவி மையத்தில் தேடுபவருக்கு விடை அகப்படச் செய்வது எப்படி: நெல்லை இணைய வணிகர்களுக்கான வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து அல்வாவும் கருப்பட்டியும் பத்தமடைப் பாயும் இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனம்கூட இன்று ஜோஹோ டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க் போன்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளில், கேள்விகளுக்கு விடை தரும் கட்டுரைகள் கொண்ட ஓர் உதவி மையத்தைத் திறந்துவிட முடியும். அங்கே கட்டுரைகளை எழுதி அடுக்குவது எளிது. வாடிக்கையாளர் தம் சொல்லில் தேடும்போது உரிய கட்டுரை முதலில் வந்து நிற்கச் செய்வதுதான் கடினம். கட்டுரை இருந்தும் அகப்படாவிட்டால் அவர் தொலைபேசியில் அழைக்கிறார், அல்லது வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

மென்பொருளை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு முன், அறிக்கைப் பகுதியில் உள்ள தேடல் பதிவை எடுத்து நிதானமாகப் படியுங்கள். விடையே வராத தேடல்கள், விடை வந்தும் எதையும் திறக்காமல் விட்ட தேடல்கள், தேடிய கையோடு டிக்கெட், அதாவது உதவி கேட்கும் கோரிக்கை, பதிவு செய்த தேடல்கள் என அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகையில் சொல் பொருந்தவில்லை, அல்லது கட்டுரையே இல்லை. இரண்டாவதில் தலைப்போ வரிசையோ சரியில்லை. மூன்றாவதில் பெரும்பாலும் கட்டுரையின் உள்ளடக்கமே போதவில்லை. தேடல் பதிவு கிடைக்காத மென்பொருளாக இருந்தால், டிக்கெட்டுகளின் முதல் வரிகளே அந்த வேலையைச் செய்யும்.

அந்தப் பதிவில் முதலில் கண்ணில் படுவது, நாம் எழுதும் சொல்லும் அவர்கள் தட்டும் சொல்லும் வேறு வேறாக இருப்பதுதான். நாம் 'பணம் திரும்ப வழங்கும் கொள்கை' என்று தலைப்பிடுகிறோம். அவர்களோ 'ரீஃபண்ட் வரலை', 'காசு எப்போ வரும்' என்று கேட்கிறார்கள். நமக்குக் கருப்பட்டியாக இருப்பது வெளியூர்க்காரர் பலருக்குப் பனைவெல்லம். மென்பொருளில் ஒத்தசொல் பட்டியல் வைக்கும் வசதி இருந்தால் இவற்றை இருவழியிலும் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கட்டுரையின் குறிச்சொல் பகுதியில் எழுதுங்கள். ஆனால் பனங்கற்கண்டைக் கருப்பட்டியோடு இணைக்கக் கூடாது, ஏனெனில் அது வேறு பொருள். சேமிக்கும் முறையைக் கேட்டவருக்குத் தவறான விடை போகும். 'சில்லுக் கருப்பட்டி' என்று குறிப்பாகக் கேட்டவருக்கும் பொதுவான கருப்பட்டிக் கட்டுரை முன்னால் வரக் கூடாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களின் எழுத்துக்கூட்டல்களையும் பதிவிலிருந்தே எடுத்துச் சேருங்கள். நீங்களாகக் கற்பனை செய்து சேர்ப்பவற்றில் பாதிகூடப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, தமிழ் எழுத்துகள் கணினியில் பதிவாகும் விதம். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'கோரை' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளைப் பதியும் பொதுத் தரமான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிக்கு அவை இரு வேறு சொற்கள். பழைய கோப்பிலிருந்து ஒட்டிய கட்டுரை, கைபேசியில் தட்டிய தேடலுக்கு அகப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். இப்படி வெவ்வேறாகப் பதிந்தவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். தேடலைச் சொந்தமாக அமைப்பவர்களுக்கு, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஐசியு என்ற கூடுதல் இணைப்பும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதளத்தில் 13ஆம் பதிப்பு முதல் அதன் உள்ளேயே உள்ள செயற்கூறும் அதைச் செய்கின்றன. ஆனால் 'ஸ்ரீவைகுண்டத்துக்கு டெலிவரி உண்டா' என்ற தேடலுக்கு அது போதாது. 'ஸ்ரீ' என்பதை வழக்கமான ஸகரத்தைக் கொண்டும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதியைத் தனியே எழுத வேண்டும்.

வேற்றுமை உருபுகளும் சந்தியும் இதே அளவுக்குத் தொல்லை தருபவை. 'பணம்' என்று தேடினால் 'பணத்தை', 'பணத்துக்கு' என்று எழுதிய கட்டுரைகளும் வர வேண்டும். ஸ்னோபால் என்ற மென்பொருள் தொகுப்பில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான், அதாவது உருபுகளை வெட்டிச் சொல்லின் அடியை எடுக்கும் கருவி, இருக்கிறது. 2019இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 12 முதல் அது அந்தத் தரவுதளத்துடனேயே வருகிறது. அது எதை எப்படி வெட்டுகிறது என்பதை உங்கள் பொருட்பெயர்களைக் கொடுத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். 'பத்தமடைப் பாய்', 'பத்தமடை பாய்', 'பத்தமடைப்பாய்' மூன்றும் ஒரே கட்டுரைக்குப் போக வேண்டுமானால், சொல்லின் ஈற்றில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கும் விதி முதல் இரண்டுக்கு உதவும். சேர்த்து எழுதிய மூன்றாவதை ஒத்தசொல் பட்டியலில் இடுவதே எளிது. எந்த விதியானாலும் கட்டுரைக்கும் தேடலுக்கும் ஒருசேரப் பொருத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பொருத்தினால் முன்பு கிடைத்ததும் கிடைக்காமல் போகும்.

எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வசதியை அப்படியே இயக்கிவிடாதீர்கள். எலாஸ்டிக்சர்ச்சின் தானியங்கி அமைப்பு மூன்று முதல் ஐந்து குறியீடுகள் உள்ள சொல்லுக்கு ஒரு பிழையையும், அதற்கு மேற்பட்டால் இரண்டு பிழைகளையும் அனுமதிக்கிறது. நம் கண்ணுக்கு 'பாய்' இரண்டு எழுத்து. கணினிக்கோ பகரம், கால், யகரம், புள்ளி என நான்கு குறியீடுகள். ஆகவே ஒரு குறியீடு மாறினாலும் பொருந்தும் என்று அது கொள்கிறது. பாயைத் தேடியவருக்குப் பால் அல்வாக் கட்டுரையும் வந்து நிற்கிறது. ஆறு குறியீடுகளுக்குக் குறைந்த சொற்களுக்கு இந்த வசதியை நிறுத்தி, நீண்ட சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வரிசைப்படுத்தலுக்கு வருவோம். கணினித் தேடல் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்தின்படி, பல ஆவணங்களில் காணப்படும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் காணப்படும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தேடல் விடைகளை வரிசைப்படுத்த இன்று பரவலாக உள்ள பிஎம்25 சூத்திரமும் இதன் மேல்தான் நிற்கிறது. பாய் விற்கும் கடையில் 'பாய்' எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். 'பூஞ்சை', 'துவைக்க' போன்ற சொற்களே கட்டுரைகளைப் பிரித்துக் காட்டும். எனவே 'பாய் பராமரிப்பு' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதுவதைவிட, 'கோரைப் பாயில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது' என்று கேள்விக்கு ஒரு கட்டுரையாகப் பிரித்து எழுதுங்கள். தலைப்புக்குக் கூடுதல் எடை தரும் அமைப்பு இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தின் பலனையும் அளப்பதற்கு, பதிவிலிருந்து ஒரு முப்பது தேடல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் மூன்று இடங்களுக்குள் வர வேண்டிய கட்டுரையை ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, முப்பதையும் மீண்டும் தேடிப் பாருங்கள். இந்த வேலையைத் தினமும் தொலைபேசியை எடுத்துப் பேசும் ஊழியரிடம் கொடுப்பதே முறை. வாடிக்கையாளர் எப்படிக் கேட்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். தீபாவளி ஆர்டர்கள் குவிவதற்கு முன்பே இதை ஒரு சுற்று முடித்துவிட்டு, அதன் பின் வாரம் ஒருமுறை புதிய சொற்களைச் சேர்த்து வாருங்கள்.

நீங்கள் விற்காத பொருளையும் பலர் தேடுவார்கள். அல்வாக் கடையின் பதிவில் 'பால்கோவா' அடிக்கடி வந்தால், அது எங்களிடம் இல்லை என்று சொல்லும் இரண்டு வரிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டுவிடுங்கள்.