சமய வகுப்பில் நம்பிக்கையாளரின் குரல்: பெங்களூருத் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

‘சமணர்கள் சூரியன் மறைந்த பின் உண்பதில்லை’, ‘முஸ்லிம்கள் ரமலான் மாதத்தில் நோன்பு நோற்பர்’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. எழுதியதில் பிழையில்லை. ஆனால் அப்படிப் படித்த மாணவர், இரவு எட்டு மணிக்குச் சாப்பிடும் ஒரு சமணரைத் தம் தெருவில் பார்த்துவிட்டால், அந்த மனிதர் பொய் அல்லது பாடநூல் பொய் என்ற இரண்டில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார். ‘நான் இப்படித்தான் செய்கிறேன்’ என்று ஒருவர் தம் வாயால் சொல்லும் இரண்டு நிமிடப் பேச்சு இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடும். அதைப் பதிவு செய்து வகுப்பில் ஒலிக்கவிடக் கைப்பேசி ஒன்றே போதுமானது. ஆட்களைத் தேடியும் தொலைவு போக வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் சீக்கியரின் குருத்வாரா இருக்கிறது. சிவாஜிநகரில் தூய மரியன்னை பேராலயம், காந்திநகரில் பௌத்தரின் மகாபோதி சங்கம், சிக்பேட்டையில் சமணக் கோயில்கள் என ஒரே நகரப் பேருந்துச் சீட்டில் சுற்றிவிடலாம்.

தொடங்குமுன் சட்ட எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனையை அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளிகளில், பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றிச் சிறாரை அதில் பங்கேற்கச் செய்யக்கூடாது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது என்று 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, தம் வாழ்க்கையை விவரிக்கலாம், எவரையும் தம் வழிக்கு அழைக்கக்கூடாது என்பதைப் பேசுபவரிடம் பதிவுக்கு முன்பே பணிவாகச் சொல்லிவிட வேண்டும்.

யாரைப் பேச வைப்பது என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் வழி தவறுகின்றன. குருக்கள், பங்குத் தந்தை, இமாம் ஆகியோரை அணுகுவது மரியாதையாகவும் எளிதாகவும் தோன்றும். ஆனால் அவர்கள் பழக்கத்தின் காரணமாகச் சமயத்தின் சார்பில் பேசுவார்களே தவிர, தம் சார்பில் பேச மாட்டார்கள். அது மீண்டும் பாடநூலாகவே முடியும். கடைக்காரர், செவிலியர், கல்லூரி மாணவி, ஓய்வு பெற்ற தொழிலாளி போன்றவர்களின் குரல்களே வகுப்புக்கு வேண்டியவை. ஒவ்வொரு சமயத்துக்கும் குறைந்தது இரண்டு குரல்கள் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சமணர் என்றால் சிக்பேட்டை மார்வாடி வணிகர் என்றே நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணரான நயினார் குடும்பத்து அம்மாள் ஒருவர், ‘எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் உலை இறக்கிவிடுவோம்’ என்று நல்ல தமிழில் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். ‘நோன்பு என்றால் என்ன?’ என்று கேட்டால் வரையறைதான் கிடைக்கும். ‘சஹருக்கு (நோன்பு தொடங்குமுன் விடியலில் உண்ணும் உணவுக்கு) உங்கள் வீட்டில் முதலில் எழுவது யார்? அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் எங்கே உட்காருவீர்கள்?’ என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் கிடைக்கும். ‘உங்களுக்குக் கடினமாக இருக்கும் வழக்கம் எது? உங்கள் அம்மா செய்து நீங்கள் செய்யாமல் விட்டது எது?’ என்ற இரண்டையும் எல்லோரிடமும் கேட்கலாம். அரசியலுக்குள் இழுக்கும் கேள்விகளையும், வேறு சமயத்தை மதிப்பிடச் சொல்லும் கேள்விகளையும் தவிர்த்துவிட வேண்டும்.

நேரலைக் காணொளி அழைப்பைவிட, முன்கூட்டிப் பதிவு செய்த ஒலியே சிறந்தது என்பது என் கருத்து. அழைப்பில் இணைப்பு அறுபடும், நாற்பது பிள்ளைகளைத் திரையில் கண்ட பெரியவர் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார், ஜூமின் கட்டணமற்ற கணக்கில் அழைப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் தெரியாத ஒலிப்பதிவில், உடையைப் பார்த்துச் சிரிக்கவோ முடிவு கட்டவோ மாணவர்களுக்கு இடமில்லை. சொல்லை மட்டும் கேட்டாக வேண்டும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் இட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் துணியின் மேல் வைத்தால் போதும். பின்னணியில் பாங்கோ கோயில் மணியோ கேட்டால் வெட்டிவிட வேண்டாம். வாட்ஸ்அப் வழியாக அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல், பதிவுக் கோப்பை ‘ஆவணம்’ என்ற தெரிவில் அனுப்பினால் தரம் குறையாது. பத்து நிமிடப் பதிவை இரண்டு நிமிடமாகச் சுருக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவும். ஆனால் தயக்கத்தையும் ‘எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை’ என்பதையும் வெட்டக்கூடாது, ஏனெனில் பாடநூலில் இல்லாதது அதுவே.

பேசுபவர் பஞ்சாபியிலோ கன்னடத்திலோ பேசினால், முதலில் அவர் குரலைச் சில விநாடிகள் ஒலிக்கவிட்டு, பின் தமிழாக்கத்தை ஆசிரியரே படிக்கலாம். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் சமயச் சொற்களைச் சிதைப்பதால், வரிக்கு வரி சரிபார்க்காமல் அச்சிட்டுக் கொடுக்கக்கூடாது. செயற்கை நுண்ணறிவிடம் ‘ஒரு பௌத்தரைப் போலப் பேசு’ என்று கட்டளையிட்டுக் குரலை உருவாக்குவது இன்று எளிது. அது பல்லாயிரம் பேர் சொன்னவற்றின் சராசரியைத் தருமே தவிர, தெருவில் நாம் சந்திக்கக்கூடிய ஒருவரைத் தராது.

இந்த முறைக்குப் பெங்களூரில் கரகத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. சைத்திர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து திகளர் சமூகத்தார் சுமந்து செல்லும் திரௌபதி கரகம், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறது. கரகத்துக்குக் காவலாக வாளேந்திச் செல்லும் வீரகுமாரர் ஒருவரிடமும், தர்காவுக்கு வழக்கமாகச் செல்லும் ஒருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்: ‘கரகம் தர்காவுக்கு வரும் நேரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள், என்ன செய்வீர்கள், அது ஏன் வருகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள்?’ இரு பதில்களும் முழுமையாக ஒத்துப்போகாமல் இருக்கலாம். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும்.

வகுப்பில் பதிவை ஒருமுறை முழுவதும் ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை நடுவில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி எழுதச் சொல்ல வேண்டும். அவற்றில் நான்கைந்தைத் தேர்ந்து, ‘வணக்கம் அம்மா’, ‘ஐயா’ என்று முறையாக விளித்து, ஆசிரியரின் குரலில் பதிவு செய்து, பேசியவருக்கு அனுப்பினால், அடுத்த வாரம் பதில் வந்து சேரும். மாணவர் குரலையே அனுப்ப விரும்பினால் பெற்றோரின் எழுத்து மூல இசைவு தேவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது.

பதிவுகளை யூடியூபில் ‘பட்டியலிடப்படாதது’ என்று ஏற்றுவது பாதுகாப்பன்று, இணைப்பு கிடைத்த எவரும் அதைக் கேட்கலாம். பள்ளிக் கணக்கிலுள்ள கூகுள் டிரைவில், குறிப்பிட்ட ஆசிரியர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைக்கலாம். கோப்பின் பெயரில் பேசியவரின் பெயரோ முகவரியோ இடம்பெற வேண்டாம். சுருக்கிய வடிவத்தை வகுப்புக்கு முன்பே அவருக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். நீக்கச் சொன்னால் காரணம் கேளாமல் நீக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பதிவைப் பயன்படுத்துமுன் மீண்டும் ஒருமுறை அவரிடம் பேசுங்கள், இடையில் அவருடைய வழக்கமும் மாறியிருக்கலாம்.