அலுவலக போன், இன்டர்நெற் ஒப்பந்தத்தில் விலை பேசுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தலைமை அலுவலகம், நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் கிளை என்று இருக்கிற நிறுவனங்களுக்கு இது. "பாத்துக் குறையுங்கோ" என்று கேட்டால் ஏதோ கொஞ்சம் குறையும். கணக்கோடு போனால் கதையே வேறு.

படி 1: கடைசி 6 மாத பில்லை எக்செலில் போடுங்கோ. ஒரு இணைப்புக்கு ஒரு வரி: எங்கே இருக்கு, மாத வாடகை, பாவனை. பிறகு ஒவ்வொரு கிளைக்கும் போய் வயரைப் பாருங்கோ. தூசி பிடித்த பக்ஸ் மெசினின் லைனுக்கு இன்னும் வாடகை போய்க்கொண்டிருக்கும்.

படி 2: முடிவுத் திகதி. பலரும் சறுக்குவது இங்கேதான். பிரதான ஒப்பந்தம் 2024 ஜனவரி முதல் 36 மாதம், அதாவது 2026 டிசம்பரில் முடியும் என்று வையுங்கோ. 2025 ஜூனில் சாவகச்சேரிக்கு ஒரு லைன் கூட்டியிருந்தால், அந்தப் படிவத்தில் அதற்கென்று தனியாக 36 மாதம் இருக்கும். முடிவது 2028 மே. டிசம்பரில் "வேறு கொம்பனிக்குப் போறம்" என்றால் மிச்ச 17 மாத வாடகையையும் கேட்பார்கள். மாதம் 22,000 என்றால் 374,000 ரூபா. விற்பனையாளருக்கு இது தெரியும், அதனால் அசையமாட்டார். புது ஒப்பந்தத்தில், எப்போது கூட்டினாலும் எல்லா லைனும் ஒரே நாளில் முடியவேண்டும் என்று எழுதி வாங்குங்கோ. 90 நாள் முன்னறிவித்தல் இருந்தால் செப்டெம்பரிலேயே கடிதம் போகட்டும். இல்லாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும்.

படி 3: தேவையை அளவுங்கோ. பழைய பிஆர்ஐ (பல அழைப்பை ஒன்றாக எடுக்கிற டிஜிட்டல் போன் லைன்) இணைப்பில் 30 பேர் ஒரே நேரத்தில் கதைக்கலாம். பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் போன் எக்ஸ்சேஞ்ச்) பதிவில் ஒரே நேரத்தில் உச்சம் 9 அழைப்பு என்றால் 12 சனல் சிப் ட்ரங்க் போதும். அது இன்டர்நெற் முறையில் அழைப்பு எடுக்கிற இணைப்பு, ஒரு சனலில் ஒரு அழைப்பு. இன்டர்நெற்றுக்கு லிப்ரேஎன்எம்எஸ் (பாவனையை அளந்து பதிகிற இலவச மென்பொருள்) போட்டு ஒரு மாதம் விடுங்கோ. கொம்பனி தருகிற பாவனை வரைபடத்தை மட்டும் நம்பவேண்டாம்.

படி 4: டயலொக், எஸ்எல்ரி-மொபிட்டல் இரண்டுக்கும் ஒரே தேவைப் பட்டியலை அனுப்பி, 36 மாத மொத்தத்தை ஒப்பிடுங்கோ. உதாரணமாக:

அ: 40,000 × 36 + நிறுவல் 60,000 = 1,500,000
ஆ: 38,000 × 36 + ரவுட்டர் வாடகை 3,500 × 36 + நிறுவல் 25,000 = 1,519,000

மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூட.

படி 5: வாடகை இறங்காவிட்டால் நிபந்தனையைக் கேளுங்கோ. 12 மாதத்துக்கு ஒருக்கா விலை மீளாய்வு, வேகத்தைக் குறைக்கிற உரிமை. லைன் 99.5 வீத நேரம் வேலைசெய்யும் என்ற உத்தரவாதம் என்றால் மாதம் 3.6 மணித்தியாலம் லைன் விழுந்தாலும் அவர்கள் பக்கம் பிழையில்லை, 99.9 என்றால் 43 நிமிடம். "4 மணித்தியாலத்தில் பதில்" என்று எழுதியிருந்தால் அது போனை எடுப்பதற்கான நேரம், திருத்துவதற்கு அல்ல. உத்தரவாதத்தை மீறி லைன் விழுந்தால் அதற்கான கழிவும் கேட்காமலே அடுத்த பில்லில் வரவேண்டும்.

முதல் பில்லை வரிக்கு வரி பாருங்கோ. பேசிய கழிவு கணினியில் ஏறாமல் பழைய வாடகையே வருவது அடிக்கடி நடக்கும்.

பிற்சேர்க்கை: பேசின விலையை விட பில் கூடுவது ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். விலைமனு வரிக்கு முந்தியது. வற் மட்டுமே 18 வீதம், மேலே வேறு அறவீடுகளும் உண்டு. வற்றுக்குப் பதிந்த நிறுவனம் அதைக் கழிக்கலாம். பதியாதவர்களுக்கு அதுவும் செலவுதான், மொத்தத்தில் சேருங்கோ.