புது ஊரில் கலைஞர்களோடு சேர விரும்புவோர் செய்யும் தவறுகள்

வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த ஓவியரோ பாடகரோ நாடகக்காரரோ, "முதலில் வீடு ஒழுங்காகட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுண்டு. எல்லாப் பெட்டியும் பிரித்து முடியும் நாள் எளிதில் வருவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, "நான் ஊருக்குப் புதிது, இங்கே என்னென்ன நடக்கிறது?" என்று கூச்சமில்லாமல் கேட்க முடிவது தொடக்க வாரங்களில்தான். ஓராண்டு கழித்து அதையே கேட்க நமக்கு நா எழாது.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. கண்காட்சியின் திறப்பு நாளன்றே கலைக்கூடத்தின் பொறுப்பாளரிடம் கைபேசியை நீட்டித் தம் படங்களைக் காட்டுவோர் பலர். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். நான்காவது படத்தை விரலால் தள்ளும்போதே அவர் பார்வை என் தோளைத் தாண்டி, வாசலில் நுழைந்த யாரிடமோ போய்விட்டது. "நன்றாக இருக்கிறது, மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்றார், முகவரியைச் சொல்லவில்லை. அவர்மேல் குற்றமில்லை, ஏனெனில் அன்றைக்கு அவருடைய கவனம் சுவரில் தொங்கும் படங்களை வரைந்தவருக்கு உரியது. மேலும், பெரும்பாலான கூடங்களில் நிகழ்ச்சி நிரல் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுவதால், அந்த இரண்டு நிமிடப் பேச்சால் நடக்கக்கூடியது எதுவுமில்லை. கூட்டமில்லாத ஒரு வாரநாள் பிற்பகலில் அதே கூடத்துக்குப் போய், படங்களை நிதானமாகப் பார்த்து, அவற்றைப் பற்றி ஏதேனும் கேட்டால் பேச்சு தானாக வளரும்; புதியவர்களின் விண்ணப்பங்களை எப்போது, எந்த வடிவில் பெறுகிறார்கள் என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஐந்து நிகழ்ச்சிகளுக்கு ஓடி ஐம்பது பேரிடம் பெயரைச் சொல்லிவிட்டு வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறியவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் 2 மணி நேரம் கூடும் சேர்ந்திசைக் குழுவிலோ உருவ ஓவிய வகுப்பிலோ முதல் படியை எட்டவே 25 வாரங்கள் ஆகும் என்னும்போது, மூன்றாவது வாரத்தில் "இவர்கள் யாரையும் சேர்க்கமாட்டார்கள் போலிருக்கிறது" என்று விலகிக்கொள்வது எவ்வளவு அவசரமான முடிவு என்பது தெரியும். பணியிடத்தில் ஒன்றாகக் கழியும் நேரம் அந்த அளவுக்கு நட்பாக மாறுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. ஆகவே ஒத்திகை முடிந்த கையோடு பையை மாட்டிக்கொண்டு கிளம்பாமல், நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போதும், ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டும்போதும் உடனிருக்க வேண்டும். இன்ன பாடலில் சுருதி விலகியது, இன்னார் அடுத்த மாதம் ஒரு நாடகம் போடுகிறார் போன்ற பேச்செல்லாம் அப்போதுதான் வரும்.

தம் கலையைச் சேர்ந்தவர்களை மட்டுமே தேடுவதும் வழியைக் குறுக்கிவிடும். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதியது கலை உலகுக்கும் பொருந்தும் என்பது என் அனுபவம். படங்களுக்குச் சட்டம் போடுபவர், வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர், அரங்கின் ஒளியமைப்பாளர், நூலகத்தின் அறிவிப்புப் பலகையைக் கவனிப்பவர் ஆகியோருக்குத் தெரியாத கலைஞர் அந்த ஊரில் இருப்பது அரிது.

பழைய ஊரின் அரங்கையும் ரசிகர்களையும் இங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேட்பவர் முகமே சொல்லிவிடும்.

எப்படியாவது ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்ற தவிப்பில் எல்லாவற்றையும் இலவசமாகச் செய்து கொடுப்பதைத்தான் சற்று யோசிக்க வேண்டும். நாற்காலி அடுக்குவதும் நுழைவுச்சீட்டுக் கிழிப்பதும் வேறு, நான்கு இரவுகள் உட்கார்ந்து சுவரொட்டி வரைந்து கொடுப்பது வேறு. பின்னதை ஒருமுறை அன்பளிப்பாகச் செய்வதாயினும், அது அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமே என்பதையும், வழக்கமாக வாங்கும் தொகை என்ன என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.